கொப்பரையில் வெந்த எலும்பும் குளிர்நீரில் ஊறிய எலும்பும்

இரவு பெய்த மழை ஓய்ந்து, ஓட்டுக் கூரைகளின் விளிம்பில் எஞ்சிய துளிகள் ஒவ்வொன்றாய் உதிர, இளங்கதிர் ஈரச் சுவர்களில் படிந்து ஏற, ஆற்றங்கரை நெடுகச் சாயத்தொழிலாளர் அப்போதுதான் காயவிட்ட நூற்கற்றைகளின் செம்மையும் நீலமும் கலங்கிய நீரில் நெளிந்தாடிய காலைப்பொழுது அது. பாலத்தின்மேல் வண்டிகள் மெல்ல நகர்ந்தன. கடைக்காரர்கள் கதவுப் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தனர். கற்றறிந்த அன்பரே, எவரும் விரையாத அவ்வேளையில், முழங்கால்வரை சேறும் தோளில் கோணிப்பையுமாய்ப் பாலத்தைக் கடந்து ஓட்டமும் நடையுமாக வரும் அவரைச் சற்றே நோக்குக. அவர் பையில் கடகடப்பவை மாட்டெலும்புகள்.

சாயத்தொழிலில் கைதேர்ந்த அவரை ஊரார் வெந்நீர்க்காலர் என்பர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் எந்நேரமும் துள்ளித் திரிபவர். உண்ண அமர்ந்தாலும், கைகழுவி எழுவதற்கென்றே அமர்ந்தவராய்த் தோன்றுவார். அவ்விரைவே அவருக்குப் பகையாயிற்று. மூன்று நாள் முன்னர், சுவருக்கு வெள்ளையடிக்கிறேன் என்று புறப்பட்டு, ஆணியில் தொங்கிய மனைவியின் நரம்பிசைக் கருவியை ஒற்றைக் கையால் இழுத்தார். அது நழுவி விழுந்தது. கழுத்தின் தலைப்பில் நான்கு நரம்புகளையும் தாங்கி நின்ற சிறு எலும்புப் பட்டை தெறித்தோட, பதறித் திரும்பிய அவருடைய குதிகாலே அதனை மிதித்து நொறுக்கிற்று.

இசைமன்றத் தேர்வுக்கு அன்றைக்கு முப்பது நாளே இருந்தது. பதினோராண்டு பின்வரிசையில் அமர்ந்து இசைத்த அம்மையார்க்கு முதல் இருக்கை கிட்டக்கூடிய தேர்வு அது.

"வெளியூர்ல கருவி செய்யிறவருக்கு எழுதிப் போட்டா இருபது நாள்ல வந்துருங்க" என்றார் அம்மையார்.

"எதுக்கு? பத்தே நாள்ல நானே செஞ்சு தரேன், பாரு!" என்று மார்தட்டினார் வெந்நீர்க்காலர். அம்மையார் கணவரின் சொல்லை நம்பினார், வெளியூர்க்கு எழுதவில்லை.

புது எலும்பில் ஊனும் கொழுப்பும் மிகுதியென்றும், கைவிடப்பட்ட மாட்டுத் தொழுவத்தின் பின்புறம் பழைய எலும்புகள் கிடக்கின்றனவென்றும் சொல்லியனுப்பியவர், இறைச்சிக் கடை நடத்தும் வெந்நீர்க்காலரின் தமக்கை. அங்கே முட்செடிகளை விலக்கிக் குனிந்து தேடிய வெந்நீர்க்காலர், வெயிலில் நெடுங்காலம் கிடந்து பிளந்தவற்றையும், மண்ணுள் கிடந்து உளுத்தவற்றையும் தள்ளி, விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்து, கணீரென ஒலித்த கால் எலும்புகள் இரண்டை மட்டுமே தேர்ந்தெடுத்தார். எலும்பைத் தேர்ந்ததில் அவர்மேல் குறை சொல்ல ஏதுமில்லை.

பிறகுதான் கெடுத்தார். நூலின் மெழுக்கை நீக்கச் சலவைக்காரமிட்டுக் கொதிக்கவைப்பது சாயத்தொழிலின் முறை. முப்பதாண்டுகளாய் அம்முறை அவரைக் கைவிட்டதில்லை. நூலுக்குச் செல்லுவது எலும்புக்குச் செல்லாதா என்று, பெரிய எலும்பைக் கொப்பரையிலிட்டுக் கொதிக்கவிட்டார். மறுநாள் மாலை அது பாலென வெளுத்து வெளிவரக் கண்டு தரையில் கால் பாவாமல் குதித்தார். அரம் பட்டதும் அது மாவாய் உதிர்ந்தது. அந்நேரம் பார்த்துத் தமக்கையார் உள்ளே நுழைந்தார்.

"அடப்பாவி! எலும்பையுமா கொப்பரையில போட்டே? கொதிக்க விட்டா உள்ள இருக்கற பிடிப்பெல்லாம் போயிடும்டா. இது இப்போ எலும்பா? சுண்ணாம்புக்கட்டி!"

"அப்போ என்னதான்க்கா பண்றது?"

"இன்னொண்ணை அறுத்து உள்ள சுரண்டு. பச்சைத்தண்ணியில சோப்பைக் கரைச்சு ஊறப்போடு. தண்ணி கலங்கினா மாத்து. அப்பப்ப எடுத்துக் காயவச்சு வெள்ளைத் துணியில வை. எண்ணெய்க் கறை படிஞ்சா திரும்ப ஊறப்போடு. கொழுப்பு இருந்தா பசை பிடிக்காது."

"எத்தனை நாளாகும்?"

"அதை எலும்பைக் கேளு!"

அன்றுமுதல் அவர் பட்டபாட்டை என்னென்று சொல்வேன்! எலும்பு ஊறும் பானையின் மூடியைத் திறப்பார், மூடுவார். கொப்பரையை நோக்கிப் போவார், பாதி வழியில் திரும்புவார். தெளிந்த நீரையும் கலங்கியதாய்க் கருதிக் கொட்டுவார். பத்தாம் நாள், "ஆச்சாங்க?" என்று அம்மையார் கேட்டார். "நாளைக்கு" என்றார். பதினைந்தாம் நாளும் அதே வினா, அதே விடை. அந்த நாளை வரவேயில்லை. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், துணியில் மஞ்சள் வளையம் மீண்டும் படிந்திருந்தது. இப்படியே ஒட்டிக் கொடுத்துவிடலாமா என்று பசைக்குடுவையைக் கையிலெடுத்தார். அவையின் நடுவே அது பெயர்ந்து விழுவதை எண்ணியதும் குடுவையை வைத்துவிட்டு, கறைபட்ட துணியை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனார்.

"ஆகலைம்மா. நாளைக்கு நாளைக்குன்னு சொன்னதெல்லாம் பொய். ஒரு எலும்பை வேகவச்சே கெடுத்துட்டேன்."

அம்மையார் துணியை விரித்துப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் எழுதிப் போட்டிருப்பேன்ல?" என்றார். துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

மரத்துண்டொன்றைச் செதுக்கிப் பொருத்திக்கொண்டு அம்மையார் தேர்வுக்குச் சென்றார். மூன்றாம் நரம்பு இரைந்தது. முதல் இருக்கை வேறொருவர்க்குப் போயிற்று. வீடு திரும்பியவர், இரு கைகளாலும் ஏந்திக் கருவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார். பல நாள் அதனைத் தொடவில்லை.

இனி அவ்வெலும்பால் பயனென்ன என்று நீங்கள் கேட்கலாம். அவரும் தம்மையே கேட்டுக்கொண்டார். ஆயினும் எவரும் கேளாமலே நீர் மாற்றினார், காயவைத்தார், துணி விரித்தார். தேர்வு முடிந்த பதினான்காம் நாள் துணி தூய்மையாய் இருந்தது. பட்டையை அறுத்து, அரத்தால் அராவி, நான்கு தடங்கள் கீறி, உரிய இடத்தில் ஒட்டி, பசை இறுகும்வரை இரண்டு நாள் கருவியின் பக்கமே போகாதிருந்து, மூன்றாம் நாள் முற்பகலில் மனைவியின் மடியில் வைத்தார். அம்மையார் விரல்நுனியால் எலும்பைத் தடவிப் பார்த்தார், நரம்புகளை முறுக்கினார், இசைக்கத் தொடங்கினார். மூன்றாம் நரம்பு மாசற ஒலித்தது.

அவ்வேளை பின்கட்டில் கொப்பரை மூடி தடதடத்தது. நீலச்சாயம் பொங்கி அடுப்பில் வழியும் நெடி அறையெங்கும் பரவ, வெந்நீர்க்காலரின் கால்விரல்கள் துடித்தன.

"பொங்குதுங்க. போய்ப் பாருங்க."

"பொங்கட்டும். நீ நிறுத்தாதே."

அன்று நிறங்கெட்டுப்போன நூற்கற்றை எவர்க்கும் உதவவில்லை. அதனை முறுக்கிக் கயிறாக்கி, கருவி இனி நழுவாதபடி ஆணியோடு சேர்த்துக் கட்டியவர் அம்மையார்தாம். போன இருக்கை போனதுதான். எத்தனை நாள் ஊறினாலும் அந்தக் கறை எந்நீரிலும் போகாது. ஆயினும், அன்பரே, முற்பகல் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்திருந்த அக்கால்களை எண்ணும்போதெல்லாம், பிந்தி வந்த பொறுமைக்கும் இவ்வுலகில் அமர ஓரிடம் உண்டென்றே என் நெஞ்சம் ஆறுதல் கொள்கிறது.