இரண்டு மணிக்குப் பூங்காவில் யாருமில்லை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இது ஒரு பல் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று உட்காரவைத்திருந்தார்கள். அங்கே சீட்டு எழுதும் ஜெசிந்தா, நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அந்த அரை மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்க ஊரு பார்க்குல பூமிக்கடியில கீற கேஸ் எடுக்கத் தோண்டப் போறாங்க சார். நீங்க எழுதுங்க."

வலியில் தலையை அசைத்தேன். சம்மதம் என்று வைத்துக்கொண்டாள்.

(ஊர், படாளத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் நடுவே. பெயரைக் கேட்காதீர்கள், இன்னும் வைக்கவில்லை.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது பூங்கா. ஆளில்லாத ஊஞ்சல். காலடியே படாத, எட்டு வடிவ நடைபாதை. மனிதர்கள் மறந்துபோன இந்த மண்ணின் மௌனத்தில்

பிரமாதமாக வந்திருப்பதாக எனக்கே தோன்றியதால், பாதியிலேயே எடுத்துப்போய் ஜெசிந்தாவிடம் படித்துக் காட்டினேன். அவள் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கேஸ் எடுக்கப்போகும் கம்பெனியின் ஆய்வறிக்கை. 'இடம் பயன்பாட்டில் இல்லை. வருவோர்: எவருமில்லை. பார்வையிட்ட நேரம்: மதியம் 2.00.'

"நீங்க எத்தினி மணிக்குப் போனீங்க சார்?"

நானும் இரண்டு மணிக்குத்தான் போயிருந்தேன்.

"அவங்க எழுதுனதையே கொஞ்சம் அழகா எழுதிகினு வந்துகிறீங்க."

அந்த வரிகளை அழிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

3

சாயங்காலம் ஐந்தரைக்குப் போனபோது அதே பூங்காவில் உட்கார இடமில்லை.

ஜெசிந்தா நாற்பத்து மூன்று வயதில் ஸ்கூட்டி பழகிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி மூடிய பிறகு தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்து நின்று அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. லைசென்ஸ் வாங்க எட்டு போட்டுக் காட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பழக முடியாது. சர்க்கரைக்காரர்கள் நடப்பதற்காகப் பூங்காவில் போட்ட எட்டுதான் அவளுக்கு வாய்த்த ஒரே பள்ளிக்கூடம். இடது வட்டம் சுலபமாக வந்துவிடும். வலது பக்கம் திரும்பும்போது மட்டும் காலை ஊன்றிவிடுவாள். தேர்வில் இரண்டு முறை ஊன்றிவிட்டாள்.

எட்டின் இரண்டு வட்டங்களும் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கம்பெனிக்காரர்கள் சிவப்புத் துணி கட்டிய முளையை அடித்திருந்தார்கள். அங்கேதான் துளை போடப்போகிறார்கள்.

"ஏம்மா ஆஸ்பத்திரிக்காரி, ஆளை இட்ச்சுட்டு நீயே கட்டும் போடுவியா?" என்றாள் பார்வதம். சர்க்கரைக்காக எட்டு நடப்பவள். ஸ்கூட்டிக்கு ஒதுங்குவது அவளுக்கு வழக்கமில்லை.

"நம்மளுது பல்லு ஆஸ்பத்திரிக்கா. கட்டுலாம் போட மாட்டோம்."

[பார்வதம் கதைக்குத் தேவையா என்று ஒரு சந்தேகம். நீக்கிப் பார்த்தேன். பூங்காவில் ஓர் ஆள் குறைந்தது, கம்பெனிக்கு ஆதாயம். திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

4

ஊரார் செங்கல்பட்டுக்குப் போய் மனு கொடுத்தார்கள். பூங்காவுக்கு ஆள் வருகிறார்களா என்று நேரில் வந்து பார்ப்பதாக ஓர் அதிகாரி சொன்னார். வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி.

"அந்த வெயில்ல எவ வருவா?" என்றாள் பார்வதம்.

ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது. யாரும் வராவிட்டால் அந்த அறிக்கை உண்மையாகிவிடும்.

5

முடிவு அ: கம்பெனி மூட்டை கட்டுகிறது. ஊர் வெடி வெடிக்கிறது.

"அவ்ளோ சீக்கிரம் பூடுவாங்களா சார்?" என்றாள் ஜெசிந்தா.

முடிவு ஆ: எந்திரம் வருகிறது. ஊஞ்சலைப் பிடுங்குகிறார்கள். ஜெசிந்தாவின் கண்ணிலிருந்து ஒரு துளி

"இது வாணாம். படிக்கிறவங்க அழுதுட்டு அவங்கவங்க வூட்டுக்குப் பூடுவாங்க. எங்களுக்கு இன்னா பிரயோஜனம்?"

இரண்டையும் அடித்துவிட்டேன்.

6

வியாழக்கிழமை. மணி ஒன்று ஐம்பத்தைந்து.

பார்வதம் குடை பிடித்துக்கொண்டு, எல்லோரையும் திட்டிக்கொண்டே எட்டு நடக்கிறாள். நான்கு பேர் கேரம் பலகையோடு வந்திருக்கிறார்கள். பல் டாக்டர் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு, வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த இரண்டு நோயாளிகளையும் அழைத்து வந்துவிட்டார். அவர்களிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஜீப் வருகிறது. அதிகாரி நோட்டைத் திறந்து எண்ணத் தொடங்குகிறார். ஜெசிந்தா இடது வட்டத்தை முடித்து, சிவப்புத் துணியைத் தாண்டுகிறாள். இனி வலது பக்கம். கால் துறுதுறுக்கிறது. இன்னும் ஊன்றவில்லை.

மற்ற ஊர்க்காரர்களையும் சேர்த்து இருபத்தாறு பேர். நானும் போனால் இருபத்தேழு. ஆகவே பேனாவை மூடிவிட்டு உள்ளே போகிறேன். இதற்கு மேல் எழுத இங்கே ஆளில்லை.

புங்கமரத்தடியில் ஒரு பெஞ்சு காலியாக இருக்கிறது. நிழல்தான். அதிகாரி இன்னும் நோட்டை மூடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உள்ளே வாருங்கள். வாசலில் நின்று பார்ப்பவர்களை அவர் எண்ணுவதில்லை.