இரண்டாவது பூஜ்யம்

அந்த ஞாயிற்றுக்கிழமை முஸ்தகீமுக்கு இரண்டு கடமைகள் இருந்தன. காலை பதினோரு மணிக்குப் பூந்தமல்லியில் தங்கை மர்வாவின் நிக்காஹ். அதில் அவன் பெண்ணின் வலியாக, அதாவது பெண்ணை ஒப்புக்கொடுக்கும் பொறுப்பாளனாக, சபையில் உட்கார வேண்டும். அதற்கு முன் இருபத்தைந்து கிலோமீட்டர் மண் பாதையில் சைக்கிள் ஓட்ட வேண்டும். முதல் கடமை வாழ்க்கையில் ஒரு முறை வருவது. இரண்டாவது தொண்ணூற்றொன்பது நாட்களாகத் தினமும் வந்துகொண்டிருந்தது. ஆகவே இரண்டாவதைத்தான் தள்ளிப்போட முடியவில்லை.

வலி பதவி அவனுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அத்தா மவுத்தாகி இரண்டு வருடம். நிச்சயதார்த்தத்தன்று அத்தாவின் தம்பி அன்வர் பாஷா சாச்சா, "பையனுக்கு வெவரம் பத்தாது. நான் ஒக்கார்றேன்" என்று சபையிலேயே சொல்லிவிட்டார். அம்பத்தூரில் பதினாறு பேருக்கு மேலாளராக இருக்கும் ஒருவனைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்ன வார்த்தை அது. இரண்டு மாதம் பேச்சுவார்த்தை நின்றது. ஜமாத்துப் பெரியவர்கள் வந்து, அண்ணன் இருக்கும்போது சாச்சா எதற்கு என்று தீர்த்துவைத்தார்கள். முஸ்தகீம் ஷெர்வானி தைத்தான். சபையில் சொல்ல வேண்டிய வாசகத்தைக் கண்ணாடி முன் பத்து நாள் சொல்லிப் பார்த்தான். குரலை எந்த இடத்தில் சற்றுக் கனமாக்க வேண்டும் என்பது வரை முடிவாகியிருந்தது.

சைக்கிள் விஷயத்திலும் சாச்சா ஏற்கெனவே ஒரு முறை அவமானப்படுத்தியிருந்தார். ஒரு பைக் வாங்கியிருக்கக்கூடிய விலையில் வந்திறங்கிய கிராவல் சைக்கிளைச் சுற்றி வந்து, "பெல்லு இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல. மீதிய எப்போடா குடுப்பான்?" என்று கேட்டார்.

அவருக்கு அது புரியாது. அது தார் ரோட்டுக்கான வண்டி அல்ல. சரளையும் புழுதியும் முள்ளுமாகக் கிடக்கும் அமைதியான பாதைகளுக்கானது. நூம்பலில் முஸ்தகீமின் அடுக்ககத்திலேயே குடியிருக்கும் கிருபாகரன்தான் இதற்கெல்லாம் கேப்டன். பதினோரு பேர் கொண்ட கிராவல் குழுவை நடத்துகிறவன். தார் ரோடு அடிமைகளுக்கானது என்பது அவன் கொள்கை. ஆனால் பாதை தொடங்கும் இடம் வரை சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில்தான் போவான். ஆவடிக்கு அந்தப் பக்கம் வற்றிக் கிடக்கும் ஏரிகளில் படம் எடுத்து, "பாலை நிலத்தில் ஒரு பயணி" என்று போடுவான். பயணியின் இரண்டு பக்கமும் நட்டிருக்கும் வீட்டுமனைக் கற்களைப் படத்திலிருந்து கவனமாக வெட்டிவிடுவான்.

ஒரு நாளும் விடாமல் நூறு நாள் ஓட்டுவது என்ற சவாலில், நூறாவது நாளுக்கு யோசனை சொன்னதும் அவன்தான். சைக்கிள் போகும் வழியைக் கைப்பேசிச் செயலி வரைபடத்தில் ஆரஞ்சுக் கோடாக இழுத்துக்கொண்டே வரும். வளைத்து வளைத்து ஓட்டினால் அந்தக் கோட்டில் படம் வரையலாம், எழுத்து எழுதலாம். "நூறாவது நாளு, நூறுன்னே எழுதிடு மச்சான்" என்றான் கிருபாகரன். ஏரிக்கரை மேல் நேராக ஓட்டினால் ஒன்று. வறண்ட ஏரியைச் சுற்றினால் முதல் பூஜ்யம். இரண்டாவது பூஜ்யத்துக்குச் செயற்கைக்கோள் படத்தில் அழகான செந்நிறக் கோடு ஒன்று வளைந்து கிடந்தது. "செம ட்ரெயில் மச்சான். ஈ, காக்கா இருக்காது."

அங்கே ஈ, காக்கா ஏன் இல்லை என்று இருவருமே யோசிக்கவில்லை.

விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவன் இறுக்கமான கால்சட்டையும் தலைக்கவசமுமாகப் பூந்தமல்லி வீட்டில் பூனை நடை போட்டபோது, மருதாணிக் கைகளை விரித்துக்கொண்டு மர்வா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாண்ணா, இன்னிக்குமா? ஒருநா உட்டா அந்த சைக்கிள் அழுவுமா?"

"ஒருநாள் விட்டா மொத்தமும் அழிஞ்சிடும் மர்வா. மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"பதினோரு மணிக்கு நானும் ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கறேன். வந்துடு."

"எட்டு மணிக்கு ஊட்ல இருப்பேன்."

கிருபாகரனும் கூடவே ஓட்டினான். ஆறு மணிக்கு ‘ஒன்று’ முடிந்தது. ஏழுக்குள் முதல் பூஜ்யம் முடிந்தது. வழியில் மண் ஏற்றிக்கொண்டு நின்ற டிப்பர் லாரி ஒன்றுக்காக வட்டம் ஓரிடத்தில் கொஞ்சம் நசுங்கியது, பரவாயில்லை. இரண்டாவது பூஜ்யம் முக்கால் பங்கு ஆனபோது குறுக்கே ஒரு சுவர் வந்தது. மத்திய அரசுக்குச் சொந்தமான ஏதோ ஒரு பெரிய வளாகத்தின் சுவர். ஓரிடத்தில் இடிந்திருந்தது. பக்கத்தில் மூன்று மொழிகளில் எச்சரிக்கைப் பலகை. அந்த இடிபாட்டின் வழியாக ஓர் ஆடு வெளியே வந்து, இருவரையும் பார்த்துவிட்டுப் போனது.

"போர்டு பழசு மச்சான்" என்றான் கிருபாகரன். "ஆடே போய்ட்டு வருது. அந்தால ஒரு அஞ்சு நிமிசம். நான் இங்கேயே நின்னு நீ வெளிய வர்றத வீடியோ எடுக்கறேன்."

தொண்ணூற்றொன்பது நாள் உழைப்பு, முடிய வேண்டியது ஒரே ஒரு வளைவு. முஸ்தகீம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினான்.

உள்ளே இருந்தது அவன் வாழ்நாளில் ஓட்டிய மிகச் சிறந்த பாதை. செந்நிறச் சரளை, சீராக, குழியில்லாமல். இரு புறமும் சீமைக்கருவேலம். டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு கௌதாரி குறுக்கே ஓடியது. ஒரு நிமிடம், சரியாகச் சொன்னால் ஐம்பது விநாடி, அவன் யாருக்கும் மேலாளனில்லை, யாரோடும் போட்டியில்லை.

பிறகு விசில் சத்தம் கேட்டது.

அவன் பிரேக் பிடித்தான். காலணி பெடலோடு பூட்டப்பட்டது என்பதும், நிற்பதற்கு முன் குதிகாலைத் திருகி விடுவித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்தப் பதற்றத்தில் மறந்துபோயின. மரம் சாய்வதைப் போல மெதுவாக, சைக்கிளோடு சேர்ந்து இடது பக்கம் சாய்ந்தான். துப்பாக்கியோடு ஓடிவந்த காவலர் உத்தமன் பார்த்தபோது, தரையில் படுத்தபடி காலை உதறிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நான் போய் ஹெல்ப் கூட்டியாரேன்!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கிருபாகரன் அதுவரை எட்டியிராத வேகத்தை அன்று எட்டியதாகச் செயலி பின்னர் பாராட்டியது.

காவல் அறையில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உத்தமன் நல்ல மனிதர், வேலூர்க்காரர். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"எதுக்கு சார் உள்ள வந்தீங்க?"

"பூஜ்யம் போட."

"எதுல?"

"வரைபடத்துல."

உத்தமன் பேனாவைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்லச் சொல்ல முஸ்தகீமின் நிலைமை மோசமானது. தலைக்கவசத்தில் கேமரா இருந்தது. கைப்பிடியில் இடம் காட்டும் கருவி இருந்தது. கைப்பேசியில், ஆவடியைச் சுற்றி நூறு நாட்களாக வரைந்த நூறு வரைபடங்கள் இருந்தன. இவ்வளவு ஒழுங்காக எந்த ஒற்றனும் ஆவணம் வைத்திருக்க மாட்டான்.

"இது இன்னா சார்?"

"மீன். ஐம்பதாவது நாள் போட்டது."

"செருப்பு மாறி கீதே" என்று உத்தமன் எழுதிக்கொண்டார்.

கைப்பேசி, கேமரா, கருவி மூன்றையும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து மேசை மேல் வைத்தார்கள். உறைக்குள் கைப்பேசி விட்டு விட்டு ஒளிர்ந்தது. தொட முடியாது, படிக்க முடிந்தது. எட்டரைக்கு, "எங்கே இருக்கே?" என்று அம்மா. ஒன்பதுக்குள் அம்மா ஏழு முறை. இடையே குழுவில் கிருபாகரன் எழுதியிருந்தான்: "நம் வீரர் நூறாவது நாளில் தனிமையைத் தேடித் தொலைந்திருக்கிறார். மரியாதை." அதற்கு ஒன்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

அதிகாரி வித்யா வந்தபோது மணி பத்து. இளம் வயது. குரலை உயர்த்தவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எனக்கு உங்க மேல சந்தேகம் இல்லைங்க. உத்தமன் சொன்னதைக் கேட்டேன். இப்படி ஒரு பொய்யை யாரும் யோசிச்சுச் சொல்ல மாட்டாங்க. ஆனா மேலிடத்துக்குத் தகவல் போயிடுச்சு. அவங்க பதில் வராம நான் உங்களை விட முடியாது."

"மேடம், பதினோரு மணிக்கு என் தங்கச்சிக்கு நிக்காஹ். நான்தான் வலி."

அவர் அவனது முட்டியைப் பார்த்தார். "டாக்டரைக் கூப்பிடவா?"

விளக்கிச் சொன்னான். பத்திரிகை எங்கே என்று கேட்டார். கைப்பேசியில் இருந்தது. முத்திரையை உடைத்தால் ஏன் உடைத்தோம் என்று தனியாக எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். பத்தே முக்காலுக்கு, மேசைத் தொலைபேசியில் ஒரே ஒரு அழைப்புக்கு அனுமதி கொடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் பேச வேண்டும்.

முஸ்தகீம் பொத்தான்கள் மேல் விரலை வைத்தான். விரல் அப்படியே நின்றது. மர்வாவின் எண் தெரியாது. அம்மாவின் எண் தெரியாது. எல்லாம் உறைக்குள் இருந்தன. மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான். வாடகை சைக்கிள்களின் செயின் கார்டு ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்ட்டில் எழுதி வைத்து, கல்லூரிக் காலம் முழுக்க அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த எண்.

"யாரு?"

"சாச்சா, நான் முஸ்தகீம்."

"டேய்! எங்கடா கீற? மாப்ள ஊட்டுக்காரங்க வந்து ஒக்காந்துகினு கீறாங்க. நிக்காஹ் ஓத வந்த ஹஸரத் வாட்ச்சயே பாத்துகினு கீறாரு."

"ஆவடில. புடிச்சி வெச்சிருக்காங்க."

"போலீஸா?"

"அதுக்கும் மேல."

"இன்னாடா பண்ணித் தொலைச்ச?"

"சைக்கிள் ஓட்டினேன்."

"நாப்பது வருசமா நானும் ஓட்றேன், என்னை யாருமே புடிக்கலியேடா!"

உத்தமன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் கைப்பேசி கைமாறியது.

"ண்ணா" என்றாள் மர்வா. "வருவியா, மாட்டியா?"

முஸ்தகீம் வித்யாவைப் பார்த்தான். அவர் மெதுவாக, "ஒரு மணி ஆகலாம். ரெண்டும் ஆகலாம்" என்றார்.

"கேட்டுச்சு" என்றாள் மர்வா. "ஹஸரத்துக்குப் பன்னெண்டு மணிக்கு மண்ணூர்பேட்டைல இன்னொரு நிக்காஹ் கீதாம். நீ சொன்னா நான் சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்துகினு கீறேண்ணா. இவங்கள ஒக்கார வெக்க என்னால முடியாது."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

பிறகு ஹஸரத்தின் நிதானமான குரல். "தம்பி, நீங்க உங்க பொறுப்பைச் சாச்சாவுக்கு ஒப்படைக்கலாம். தெளிவா வாயால சொல்லணும். ரெண்டு பேர் கூட நின்னு கேப்பாங்க."

கண்ணாடி முன் பத்து நாள் ஒத்திகை பார்த்த வாசகம் நாக்கின் நுனியில் நின்றது. இப்போது வேண்டியது வேறு வாசகம். அதற்கு ஒத்திகை இல்லை. வித்யாவும் உத்தமனும் இன்னும் இரண்டு காவலர்களும் பார்த்துக்கொண்டிருக்க, முழங்காலில் மண்ணும், பின்பக்கம் பஞ்சு வைத்த கால்சட்டையுமாக எழுந்து நின்றான்.

"டேய்" என்றது சாச்சாவின் குரல், தணிந்து. "மனசார குடு. அப்பறம் ஜமாத்ல வந்து இல்லன்னு நிக்காத. வாணாம்னா சொல்லு, நான் இவங்க கால்ல உழுந்தாவது நேரம் கேக்கறேன்."

அவர் ஜெயித்துவிட்ட குரலில் பேசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"என் தங்கச்சி மர்வாவுக்கு நிக்காஹ் நடத்திவைக்கற பொறுப்ப, எங்க சாச்சா அன்வர் பாஷாகிட்ட ஒப்படைக்கிறேன்" என்றான். எந்த இடத்திலும் குரல் கனக்கவில்லை.

சாச்சா இணைப்பைத் துண்டிக்காமல் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம் வந்தது. ஹஸரத் ஓதுவது தூரத்திலிருந்து கேட்டது. பிறகு மிகப் பக்கத்தில், "மர்ஹூம் சுல்தான் பாஷாவின் மகள் மர்வாவை…" என்று சாச்சாவின் குரல். காலமான அண்ணன் பெயரைச் சொன்ன இடத்தில் அது இடறி, ஒரு மூச்சு நின்று, மறுபடி தொடர்ந்தது. மாப்பிள்ளை சொன்ன பதில் மின்விசிறிச் சத்தத்தில் காதில் விழவேயில்லை.

உத்தமன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றிருந்தார். "ஆயிடுச்சா சார்?"

"தெரியல."

துஆ ஓதும் சத்தம். ஆமீன், ஆமீன். பின் சலசலப்பு. திடீரென்று ஒலிபெருக்கியில் தொம் என்று ஒரு சத்தம் வந்தது. துணி உரசியது. மறுபடி தொம். யாரோ சிரித்தார்கள். மறுபடி தொம்.

வித்யா தொலைபேசியை எட்டிப் பார்த்தார். "என்னங்க அது? யாராவது அடிக்கிறாங்களா?"

"இல்ல மேடம்" என்றான் முஸ்தகீம். "வலியா ஒக்காந்தவர வரிசையா வந்து கட்டிப்புடிப்பாங்க. சாச்சா பையில ஃபோன் கீது."

அழைப்பை முடிக்கும்படி வித்யா சொல்லவில்லை. தொம். தொம். முந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்திருந்தார்கள்.