யூனிட் போகட்டும்

படம் நாற்பத்தோராவது நிமிடத்தைத் தொட்டபோது செல்வகுமார் எழுந்து நின்றான். ரோஹித் திரையை நிறுத்திவிட்டு, பாத்ரூமா என்று கேட்டான். செல்வகுமார் இல்லையென்று தலையாட்டி உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. மறுபடி எழுந்தான்.

கொரட்டூரில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறை அது. ரோஹித் அதில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக இந்த ஆவணப்படத்தைச் செய்துகொண்டிருந்தான். 'கார்ஷெட்' என்ற ராக் பேண்டு எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதுதான் படம்.

அதுவரை நன்றாகத்தான் போயிற்று. அண்ணனூரில் கார்ஷெட் என்ற ரயில் பணிமனையின் மதிலை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஒரு அறை. அதில் நாலு பேர். கிதாருக்கு ஜஸ்டின், டிரம்ஸுக்கு மஸூத், பேஸுக்குச் செல்வகுமார், பாடுவதற்குக் கவிப்பிரியா. மதிலுக்கு அந்தப் பக்கம் யூனிட் என்று சொல்லும் மின்சார ரயில்கள் ஷெட்டுக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். ஒன்று நெருங்கினாலே கூரை அதிரும். யார் வாசிப்பதும் யாருக்கும் கேட்காது. அதனால் அவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரயில் சத்தம் வந்தால் இருந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பாட்டானாலும் சரி, பேச்சானாலும் சரி, சண்டையானாலும் சரி. "யூனிட் போகட்டும்" என்பாள் கவிப்பிரியா. அது போனதும் மஸூத் குச்சியால் நாலு தட்டுவான். விட்ட வார்த்தையிலிருந்து எல்லாம் தொடரும்.

'கதவோரம்' பாட்டு ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது, பெங்களூர் மேடை, ஆவடி ஸ்டேஷனில் காலேஜ் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டது, எல்லாம் படத்தில் இருந்தன. மைக் ஒயரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கவிப்பிரியா சிரித்தாள். அவள் போய் இரண்டு வருஷம். திரையில் மனைவியைப் பார்த்தால் தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் அவன் வந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு அவன் முகமே வந்தது. போன மாதம் அதே தகர அறையில் எடுத்த பேட்டி.

"அவளுக்கு மூணு நாளா காய்ச்சல். ஷோ பண்ணலாமா வேணாமான்னு பேச்சு வந்துச்சு. மஸூத்துதான்..."

அங்கே ரயில் சத்தம். திரையில் இருந்த செல்வகுமார் வாயை மூடிக்கொண்டான். உடனே மஸூத் வெறி பிடித்தவன்போல டிரம்ஸை அடிக்கும் பழைய காட்சி. அதன்மேல் வெள்ளை எழுத்தில்: ஷோ முடிந்த நான்காம் நாள் கவிப்பிரியா இறந்தார்.

இதே துண்டுதான் டிரெய்லரிலும் இருந்தது. அது வெளியாகி ஐந்து நாள். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் மஸூத்தைக் கொலைகாரன் என்று எழுதியிருந்தார்கள்.

செல்வகுமார் சொல்ல வந்தது வேறு. மஸூத்துதான் வேண்டாம் என்றான். ஒரு இசைக் கம்பெனிக்காரர் நம் பாட்டைக் கேட்க வருகிறார், இதை விட்டால் இன்னொரு நாள் கிடைக்காது என்று அடம்பிடித்தவன் செல்வகுமார். பேட்டியின்போது ரயில் வந்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்தினான். ரயில் போயிற்று. நாலு தட்ட ஆள் இல்லை. ரோஹித் அடுத்து, ஜஸ்டின் கனடா போனதைப் பற்றிக் கேட்டான். செல்வகுமார் அதற்குப் பதில் சொன்னான். வாயில் நின்ற பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டான்.

இப்போது அந்த இடத்தை எடுத்துவிடச் சொன்னான். ரோஹித் முகத்தைச் சுருக்கினான். திங்கட்கிழமை படம் போட்டிக்குப் போகிறது, அந்த இடம் இல்லாவிட்டால் பேண்டு ஏன் உடைந்தது என்பதே பார்ப்பவனுக்குப் புரியாது என்றான்.

"நான் எதையும் மாத்தல ப்ரோ. நீங்கதான் முடிக்கல. மிச்சத்தச் சொல்றதா இருந்தா நாளைக்கே கேமராவோட வரேன்."

செல்வகுமார் பைக்கை எடுத்தான். வீட்டுக்குத்தான் கிளம்பினான். அம்பத்தூரைத் தாண்டினான், ஆவடியைத் தாண்டினான், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நிறுத்தி ஐந்து நிமிடம் நின்றான், நிற்கப் பிடிக்காமல் மறுபடி கிளம்பினான். சென்னீர்குப்பத்தில் மஸூத்தின் சவுண்ட் சர்வீஸ் கடை வாசலில் வண்டி நின்றது.

மஸூத் தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். பேண்டு இருந்தபோது ஷோ பேசுவது, வண்டி பிடிப்பது எல்லாம் அவன்தான். இப்போது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக்செட் கட்டுகிறான்.

"வாங்க ஈரோ" என்றான். "படம் பாத்தியா? நான்தான் வில்லனாமே. அந்தப் பையன் ஒரு பெரிய மீசையாச்சும் ஒட்டி உட்ருக்கலாம்."

செல்வகுமார் நின்றுகொண்டே இருந்தான். மறுத்து ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே என்று கேட்டான். மஸூத் ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல், இதொன்றும் புதிதில்லை என்றான். ஷோ பேசினவன் அவன் என்பதால் கவிப்பிரியாவை அடக்கம் செய்த அன்றைக்கே சிலர் அப்படித்தான் பேசினார்கள். அப்போது செல்வகுமார் வாய் திறப்பான் என்று பார்த்தானாம். பிறகு, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிட்டானாம்.

"ஊர் பேசறது பரவால்ல மச்சான். எங்கம்மா போன்ல அத்தப் பாத்துச்சு. ரெண்டு நாளா சோறு போடுது, பேச மாட்டேங்குது. நேத்து கேக்குது, நீயாடா அந்தப் பொண்ணப் பாட வெச்சன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னேன். அப்ப யாருன்னுச்சு." மஸூத் சுற்றிய ஒயரை ஆணியில் மாட்டினான். "அது நீ சொல்ல வேண்டிய பதிலு. நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

மஸூத்தின் அம்மா ரசூல் பீவி, கவிப்பிரியாவின் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டவள். செல்வகுமார் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். உடனே எழுந்தான். நாளைக்கு அண்ணனூருக்கு மைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டான். வாடகை உண்டா என்றான் மஸூத். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. தகர அறை இப்போது சிமெண்ட் மூட்டை போட்டு வைக்கும் இடமாகியிருந்தது. மூட்டைகளை ஒதுக்கி ஒரு ஸ்டூல் போட்டார்கள். ரோஹித் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றான். மஸூத் நீளக் கம்பியில் கட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

"மஸூத்துதான் வேணாம்னான்" என்று செல்வகுமார் தொடங்கினான். "போயே ஆவணும்னு சொன்னது நான்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மஸூத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். செல்வகுமாரின் கால் ஸ்டூலுக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரயில் சத்தம் கிளம்பியது. தகரம் லேசாக அதிர ஆரம்பித்தது. ரோஹித் கையைத் தூக்கினான். மஸூத்தும் மைக்கைத் தாழ்த்தினான்.

செல்வகுமார் நிறுத்தவில்லை. இந்த அறையில் முதல் தடவையாக ரயிலோடு சேர்ந்து பேசினான். கடைசிப் பெட்டி போகும்வரை பேசினான்.

ரோஹித் ஹெட்போனைக் கழற்றினான். "ஒண்ணுமே பதிவாகல ப்ரோ. இன்னொரு தடவ சொல்லணும்."

ஆனால் மஸூத்துக்குப் புரிந்துவிட்டது. ஐந்து வருஷம் தன் டிரம்ஸ் இரைச்சலில் மற்ற மூவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு வாசித்தவன். கம்பி அவன் கையில் சாய்ந்து, மைக் தரையைத் தொட்டது. செல்வகுமாரை அவன் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று சொல்ல முடியாது. பிறகு மைக்கை நிமிர்த்தினான். இன்னொரு கையின் விரலால் பக்கத்திலிருந்த தகரச் சுவரில் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"டெங்குவா இருக்கலாம், காய்ச்சல் மாத்திரையத் தவிர எதுவும் குடுக்காதன்னு டாக்டர் சொல்லி அனுப்பிச்சாரு" என்றான் செல்வகுமார். "அவளால நிக்க முடியல. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கியாந்து, மேடை ஏறுறப்ப ரெண்டு குடுத்தேன். இது இன்னா மாத்திரைன்னு கேட்டா. காய்ச்சலுதுதான்னேன். பாடிட்டா. நல்லாத்தான் பாடுனா. அடுத்த நாளு வந்த ரத்தம் நிக்கல."

ரோஹித் கேமராவை அணைத்துவிட்டு, போதும் என்றான். பழைய துண்டை இன்றைக்கே எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

வெளியே பைக்கின் கண்ணாடியில் ஒரு டிபன் கேரியர் தொங்கியது. கவிப்பிரியாவின் அம்மா சாமுண்டீஸ்வரியுடையது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன்குழம்பு வைத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவாள். கேரியர் திரும்பிப் போகாவிட்டால் போன் வரும். நேற்றே கழுவித் துடைத்து வைத்திருந்தான். இன்றைக்கு அவனே கொண்டுபோகிறான். படம் போய் அவளிடம் சொல்வதற்கு முன்னால் அவன் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது திரும்பி வராது.

மஸூத் வாசல்வரை வந்தான். கேரியரைப் பார்த்தான்.

"நானும் வரட்டா?"

"வேணா. நீ உங்கம்மாகிட்டப் போ."

"போயி இன்னா சொல்லட்டும்?"

"எல்லாத்தையும் சொல்லு."

மஸூத் அவனை மச்சான் என்று கூப்பிடவில்லை. தோளைத் தொடவும் இல்லை. காலி அடுக்குகள் கடகடக்க, செல்வகுமார் அம்பத்தூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.