திருப்பிப் போட்ட ஆணிகள்

டிராக்டர் சங்கிலியைக் கெடுத்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நான் கேட்க வேண்டாம்.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் நகருகிற டிராக்டர் ஒன்றை மல்லசமுத்திரத்துப் பண்ணைக்காரர் வாங்கி வந்தார். அதை ஓட்டப் பழகியவர் என் வீட்டுக்காரர் செங்கோடன். ஏழு வருஷம் அந்தப் பண்ணையில் மாட்டோடு மாடாகக் கிடந்த மனுஷன், ஏறி உட்கார்ந்து ஓட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுழலுவது எதுவானாலும் வண்டி மை போட வேண்டும் என்பது மாட்டுவண்டி ஊரில் பிறந்த புத்தி. வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, தினமும் விடியலில் சங்கிலி முழுக்க அப்பினேன். அந்த மையில் செம்மண் ஒட்டிக்கொண்டு, கண்ணிகளைக் கோத்த ஆணிகளை அரம் போல அராவிவிட்டது. ஒரே வருஷத்தில் சங்கிலி தொளதொளத்துக் கழன்று விழுந்தது.

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் ஓர் ஆணியை உருவிப் பார்த்துச் சிரித்தார். "இந்தச் சங்கிலிக்கு எவனாச்சும் மை போடுவானா? பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

பண்ணைக்காரர் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "செங்கோடா, நாளைக்கு மாட்டப் புடிச்சுக்க."

எனக்கு வந்ததே ஆத்திரம். அந்த ஆணியை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற உருளையின் அச்சு ஒரு பக்கம் தேய்ந்தால் நாங்கள் தூக்கியா எறிகிறோம்?

"மறுபக்கம் புதுசாத்தானுங்க இருக்குது. திருப்பிப் போட்டா நடக்கும்," என்றேன்.

"உனக்கென்ன தெரியும்?" என்றார் மெக்கானிக்.

"கெடுத்தவளே சொல்றேனுங்க. மூணு நாள் குடுங்க."

மூன்று நாளும் நானும் என் வீட்டுக்காரரும் சம்மட்டி பிடித்தோம். ஆணிகள் அத்தனையையும் அடித்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பக்கத்தை மாற்றிக் கோத்தோம். உள்ளங்கையில் தோல் உரிந்தது. மை ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் ஏறி ஓட்ட, டிராக்டர் நடந்தது. வேடிக்கை பார்க்க மெக்கானிக்கும் வந்திருந்தார். பண்ணைக்காரருக்கு முகமெல்லாம் பல்.

"எறங்குடா செங்கோடா. இனி இத வேல தெரிஞ்ச இவரு ஓட்டட்டும்," என்று மெக்கானிக்கைக் காட்டினார். "நீ மாட்டுக்குப் போ."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். போ என்று முன்னால் கையைக் காட்டினேன். அவர் இறங்கவில்லை. எங்களைத் தாண்டி மேட்டுக்காட்டுப் புஞ்சைக்குள் ஓட்டிக்கொண்டு போனார்.

"ஆராயி, நிறுத்தச் சொல்லு," என்று பண்ணைக்காரர் இரண்டு முறை கத்தினார்.

"எஞ்சின் சத்தத்துல அவருக்குக் கேக்காதுங்க," என்றேன். "எனக்கு நல்லாக் கேக்குது. நான் சொல்ல மாட்டேனுங்க."