சி பிரிவில் ஒரு தொண்ணூற்றாறு

காலையிலிருந்து பள்ளி எழுத்தருக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. பழைய மதிப்பெண் கோப்பைச் சும்மா திறந்தவள், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பள்ளி திறந்தபோது தேர்வு வைத்து, ஏழாம் வகுப்பை மதிப்பெண்படி ஏ, பி, சி என்று பிரித்தார்கள். விடைத்தாளை யாரிடமும் காட்டவில்லை. பட்டியல் போட்டது இவள்தான். கணினியில் மதிப்பெண்களை மட்டும் இறங்குவரிசையில் அடுக்கியிருக்கிறாள். பெயர்கள் அகரவரிசையிலேயே அசையாமல் நின்றிருக்கின்றன. 'அ'வில் பெயர் தொடங்கிய புண்ணியத்தில், முப்பத்தெட்டு வாங்கிய இவள் மகள் ஏ பிரிவுக்குப் போய்விட்டாள். தொண்ணூற்றாறு வாங்கிய ஒருத்தி, பெயர் 'வ'வில் தொடங்கிய பாவத்துக்கு, சி பிரிவில் கிடந்தாள்.

ஆறு மாதமாக ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. நேற்றுத்தான் தலைமையாசிரியை அரையாண்டு மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "ஏ-ல எல்லாரும் எழுபதுக்கு மேல, சி-ல பாதிப் பேரு ஃபெயிலு. கரெக்டாப் பிரிச்சிருக்கீங்க" என்று மெச்சினார்.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் மகள் சி பிரிவுக்கு இறங்க வேண்டும். யாரும் விரட்டாமலே இப்போதெல்லாம் புத்தகத்தை எடுக்கிற பிள்ளை, அரையாண்டில் எண்பத்தொன்று. பெற்ற வயிறு கேட்குமா? தலைமையாசிரியை அறை வரை இரண்டு முறை போனாள், இரண்டு முறையும் வாசலில் இருந்த பானையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்றாவது முறை எழுந்தபோது, வருகைப் பதிவேட்டோடு அந்த 'வ' பெண்ணே வந்து நின்றாள். விதிக்கு நேரம் காலம் தெரியாது.

"அரையாண்டுல எவ்வளவும்மா?"

"நாப்பத்திரண்டு, மேடம்."

வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஸ்கூல் திறந்தப்ப வச்ச டெஸ்ட்ல நீ தொண்ணூத்தாறு. தெரியுமா?"

அந்தப் பெண் சிரித்தாள். துளி வருத்தம்கூட இல்லை.

"ஐயோ, நான் சி, மேடம். அது உங்க பொண்ணோடதா இருக்கும். அவதான ஏ?"

எழுத்தர் அந்த மதிப்பெண் கோப்பை எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பானையைத் திரும்பியும் பாராமல் தலைமையாசிரியை அறைக்குள் போனாள்.