தையல் மெஷினும் ஓர் ஆண் குரலும்

மூக்குக் கண்ணாடியைத் தேடி நடந்தேன். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. இயர்போன் ஒயர் காலில் சிக்கியது. போனிலிருந்து அது பிடுங்கிக்கொண்டு வர, வீடு முழுக்க ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் குழைந்தது. “தி வுமன் ஹூ லெஃப்ட்…”

தையல் மெஷினிலிருந்து என் மனைவி பாய்ந்து போனை அணைத்தாள்.

“யாரு அது?”

“இங்கிலீஷ் வாத்தியார்.”

“இந்த வயசுல எதுக்கு?”

“சும்மா.”

சும்மா எதையும் செய்கிறவள் இல்லை அவள். சட்டை தைத்து மிஞ்சும் துண்டுகூட அவள் கையில் தலையணை உறையாகிவிடும். இயர்போன் அன்றோடு பழுதானதால் கதவோரம் என் காதுக்கு வேலை வந்தது. ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’ என்று குரல் பிரித்துக்கொடுத்தது. நான் எதில் சேர்த்தி என்று எனக்கே சந்தேகம். அவள் மெஷினை மிதித்தபடி சொல்லிப் பார்த்தாள்: “தி மேன் ஹூ ஸ்லீப்ஸ் ஆல் டே.” நாள் முழுக்கத் தூங்குகிற ஆள். யாரென்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை. அடுத்தது, “தி ஹவுஸ் விச் ஐ வில் லீவ்.” நான் விட்டுப் போகப்போகிற வீடு. கெட்ட செய்தி புரிகிற அளவுக்கு எனக்கும் ஆங்கிலம் தெரியும்.

வெளிநாட்டிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். “அம்மா எங்கயாச்சும் போறாளா?”

“அம்மாகிட்டயே கேளுங்கப்பா.” இவளும் அதே வாத்தியாரிடம் படித்திருப்பாள்.

அலமாரி மேலிருந்த பெட்டியில் தூசி இல்லை. திறந்தேன். அவளுடைய நல்ல கத்தரிக்கோல், அளவு நாடா, ஒரு ஸ்வெட்டர். அவள் அளவுக்கானது, என் தலைகூட நுழையாத ஸ்வெட்டர்.

நேரே போய் நின்றேன். “வாத்தியார் ஆளு எப்படி, சிவப்பா இருப்பாரா?”

“இதுக்குத்தான் சொல்லல. எதைச் சொன்னாலும் கிண்டல்.”

“சிரிக்கல. சொல்லு. என்னை விட்டுட்டுப் போறியா?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“பொண்ணு ஊர்ல ஒரு தையல் கடையில வேலை. பட்டன் போன சட்டை எது, ஜிப் கிழிஞ்ச கோட்டு எதுன்னு வர்றவங்ககிட்ட பேசத் தெரியணுமாம். அடுத்த வாரம் போன்ல பேசிப் பாப்பாங்க. எடுத்தா நான் போறேன். நீங்க வருவீங்களான்னு கேக்க பயமா இருந்துச்சு. மாட்டேன்னுட்டா? அப்பவும் நான் போவேனே.”

மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.