காஸ்பர் வாத்தியாரின் வார்த்தை

“இதுல என் பேரு எங்க கீது?” என்று அம்மா கேட்டபோது, நோரா இறந்துகிடந்த அப்பாவின் கழுத்துப் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறையும் அது துளைக்குள் போகவில்லை.

விடியற்காலையில்தான் உயிர் போயிருந்தது. தன் மரண அறிவிப்பைக் காஸ்பர் வாத்தியாரே போன மாதம் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார். அதை ராயப்பேட்டை அச்சகத்துக்கு எடுத்துப்போகச் சித்தப்பா பவுல்சாமி காத்திருந்தார். அம்மா மர்சலினுக்கு ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தது தன் பெயர் மட்டும். கல்யாணமான புதிதில் அப்பா கற்றுக்கொடுத்தது.

“தோ, ‘ரெலிக்ட்’னு போட்டுக்கீதே. அது நீங்கதான் அண்ணி.”

“அப்ப மர்சலின் யாரு?”

“வேற எவன் வூட்டு நோட்டீஸ்ல இந்த வார்த்தை வரும்? கௌரவம் அண்ணி!”

“நீ சாவும்போது உன் பொண்டாட்டிக்குப் போட்டுக்க, பவுலு.”

அப்பாவுக்கு அந்த வார்த்தைமேல் தனிப் பிரியம். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளவிலிருந்த பழைய கல்லறைகளில் அதை நோராவுக்குக் காட்டுவார். முதலில், மிஞ்சிய எதற்கும் அதுவே பெயர். கடல் விலகி விட்டுப்போன நிலத்துக்கும்கூட. பிறகு புருஷனை இழந்தவளுக்கு என்று குறுகிப்போனது. இப்போது யார் வாயிலும் இல்லை, கல்லில்தான் இருக்கிறது என்பார். ஆனால் அந்தக் கற்களில் வார்த்தைக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அப்பா எழுதியதில் இல்லை. மறந்துவிட்டாரா? அதுவே போதும் என்று நினைத்தாரா? குனிந்து முகத்தைப் பார்த்தாள். தப்புக் கண்டுபிடிக்கப்போகிறவரைப் போலவே இருந்தது.

நோரா பேனாவை எடுத்தாள்.

“வாத்தியார் எழுத்துல கை வெக்கிறியா?” என்றார் சித்தப்பா. “சரி, பேரையும் போடு. அந்த வார்த்தையும் இருக்கட்டும்.”

நோரா அம்மாவைப் பார்த்தாள்.

“பேரு மட்டும் போதும்,” என்றாள் மர்சலின்.

வாழ்நாளெல்லாம் ஊரைத் திருத்தியவரின் வரியில் நோரா அந்த வார்த்தையின்மேல் கோடு கிழித்தாள். கோணலாகப் போன கோட்டுக்கு மேலே அம்மாவின் பெயரை எழுதினாள்.

மத்தியானம் கறுப்பு ஓரமிட்ட அட்டைகள் மை ஈரம் காயாமல் வந்தன. யாரும் காட்டாமலே அம்மா தன் பெயரைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை அழுத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராக வந்து அப்பாவின் நெற்றியில் சிலுவை வரைந்தார்கள். கடைசியில் அம்மா. அவள் விரலை எடுத்தபோது நெற்றியில் மெல்லிய கறுப்புச் சிலுவை ஒன்று நின்றது.

துடைக்கச் சித்தப்பா கைக்குட்டையை எடுத்தார். நோரா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.